மருந்து படாத எண்பது கோழிகள்

மாதா துணை

கண்டமங்கலம்,
12.8.2008

திண்டிவனத்தில் மாட்டு மருந்துக் கடை வைத்து வாயில்லா ஜீவன்களுக்கெல்லாம் வாழ்வளிக்கும் என் மதிப்புக்குரிய மச்சான் அருள்நாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அமல்ராணியிடம் இருபத்திரண்டு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கும் சவுரிராயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கல்யாணப் பெண் வெனிலாவும் சுகம். எண்பது கோழிகளும் எங்களைவிடச் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் உங்கள் தொந்தியின் சுகத்துக்கும் மாதாவை வேண்டுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று, நான் கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு முன்னால் பதில் சொல்கிறாள். இது ரகசியம்.

ஈஸ்டர் முடிந்து நிச்சயத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "ஊசி போட்ட கோழி, மருந்துத் தண்ணி குடிச்ச கோழிய எங்க ஜனம் தொடாதுங்க. எங்க பந்திக்கு மருந்து படாத நாட்டுக்கோழியா இருக்கட்டும்" என்றார். எங்கே கிடைக்கும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை, "அதுக்கின்னாங்க சம்பந்தி, எங்க ஊட்லயே வளத்துடறோம்" என்று சொல்லிவிட்டாள். மறுவாரம் எண்பது குஞ்சு வந்து இறங்கியது. அன்றைக்குப் போன என் சாப்பாடு இன்னும் திரும்பவில்லை. பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, முருங்கைக்கீரை எல்லாம் அம்மியில் அரைத்துக் கேப்பை மாவில் உருட்டிக் கோழிக்கு வைக்கிறாள். கோழிக்கு முருங்கைக்கீரை, எனக்கு அதன் குச்சி. ஒருநாள் தட்டில் பச்சையாக உருண்டை இருந்தது, துவையல் என்று நினைத்து இரண்டைத் தின்றுவிட்டேன்.

"ஏங்க, அது கோழியோடதுங்க! எண்ணி வெச்சிக்கினு இருக்கேன்!"

"எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"உங்களுக்கு இன்னா ஆவப்போவுது, சளி போவும்."

போய்விட்டது மச்சான். அதுதான் பேஜாரு. அன்று முதல் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிகிறாள்.

ஆடி மழையில் மூன்று கோழி தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரன் மாதிரி மூலையில் போய் நின்றது. அப்போதுதான் நிச்சயத்தன்று நீங்கள் ரகசியமாகக் கொடுத்து, நான் பரணில் ஒளித்து வைத்த மஞ்சள் நிறக் கோழி மருந்துப் பொடி டப்பா ஞாபகம் வந்தது. "ஒரு சிட்டிகை தண்ணியில போடுய்யா, செத்ததுகூட எழுந்து நிக்கும்" என்றீர்களே. உங்கள் தங்கை காலைப் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தினமும் கலக்கி வைத்தேன். நாலாம் நாள் மூன்றும் எழுந்து என்னையே கொத்தியது! மூடியைத் திறந்தால் ரச வாசனை அடிக்கிறது. கோழி விரும்பிக் குடிக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் வாசனைகூடச் சேர்க்கிறான், விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் பேர் மட்டும் உங்கள் தங்கைக்கு. எதிர் வீட்டுத் தையல்நாயகி வந்து பக்குவம் கேட்டுப் போகிறாள், இவளும் டாக்டர் மாதிரி உட்கார்ந்து சொல்கிறாள். நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

சிரிப்பெல்லாம் போன புதன்கிழமையோடு சரி. சம்பந்தி வந்து ஒரு சேவலைத் தூக்கிப் பார்த்து, "இதாங்க சுத்தமான கோழி. உங்களை நம்பி எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்று என் கையைப் பிடித்தார். சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

"பொய் சொன்னது யாருகிட்ட? சம்பந்திகிட்டயா, பொண்டாட்டிகிட்டயா?" என்றார் சாமியார்.

"கோழிங்களத் தவிர எல்லாருகிட்டயும், சாமி."

ஜெபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தால் சைக்கிளில் போய்க்கினே முடித்திருப்பேன். அவரோ, கல்யாணம் வரை தினமும் கோழிக்கூண்டைப் பெருக்கி, தண்ணித் தட்டைக் கழுவு என்றார். பெருக்குகிறேன். திடீரென்று இன்னா இது என்று உங்கள் தங்கை கேட்டாள். பாசம் என்றேன்.

கல்யாணம் செப்டம்பர் பத்து. பொடியை இன்றோடு நிறுத்தினால் எத்தனை நாளில் அது கோழி உடம்பை விட்டுப் போகும்? இல்லை, சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால் என் பெண்ணின் கல்யாணம் என்னாகுமோ. சொல்லாமல் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் பந்தியில் நிற்க முடியாது. ஜல்தியாக எழுதுங்கள். சீனுவாசன் டீக்கடை முகவரிக்கு எழுதுங்கள்.

போன தடவை என் கையெழுத்தில் முகவரி எழுதிப் போட்ட கடிதம் பனமலை வரை போய்விட்டு என்னிடமே வந்து சேர்ந்தது. அதனால் உறையில் முகவரி எழுதி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டும் வேலை மட்டும் அமல்ராணிக்கு. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை என்று நான் பெண் பார்க்க வந்தபோது நீங்கள்தானே சொன்னீர்கள்.

தாய்மாமன் சீரோடு நாலு நாள் முன்னாலேயே வந்து சேருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாதாவின் ஆசீர்.

இப்படிக்கு,
பாவியாகிய
சவுரிராயன்

பி.கு.: அண்ணா, நான் அமல்ராணி. சோறு ஆறறதுக்குள்ள படிச்சிட்டேன். டப்பாவை அவரு பரண்ல வெச்ச மறுநாளே பாத்துட்டேன். உங்க பொடியக் கொட்டிப் பொதைச்சிட்டு, மிளகு, சீரகம், மஞ்சள் இடிச்சி ரொப்பி வெச்சேன். தீரத் தீர ரொப்பிக்கினுதான் இருக்கேன். கோழிங்க வயித்துல மருந்து ஒரு துளி இல்ல, சம்பந்திக்குச் சொன்ன சொல்லு அப்படியே நிக்குது. ஆனா இத இவருக்கு எழுதிடாதீங்க. இருவத்திரெண்டு வருசத்துல இந்த மனுசன் தொடப்பத்தக் கையில எடுத்தது இப்பதான். பொடி கோழி உடம்பை விட்டுப் போவணும்னா மாட்டுக் கொட்டாயும் சேத்துப் பெருக்கணும்னு எழுதுங்க.