வாசலைத் தாண்டாத வண்டிக்காரர்

வண்டி வாங்கி ஊர் ஊரா சுத்துற ஆளுங்கள உங்களுக்குத் தெரியும். வண்டி வாங்கி வாசல்லயே நிக்கிற ஆளத் தெரியுமா? தெரியலன்னா உலகத்தோட தெக்குக் கோடில இருக்குற எங்க டனிடின் ஊருக்கு வாங்க, தெருவுக்கு ஒருத்தர் உண்டு. கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் உள்ளயே வச்சுக் கட்டின பெரிய வண்டி, அத வாசல்ல நிறுத்தி, அதுக்கு அடியில மல்லாந்து படுத்து, ரெண்டு கால மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருப்பாரு. தபால் போடுற அம்மா அந்தக் காலுக்குத்தான் வணக்கம் சொல்லும். மூஞ்சியக் காட்டினா அடையாளம் தெரியாது.

இந்த இனத்தக் கண்டுபிடிக்கிறது சுலபம். கழுத்துல கரண்ட் அளக்குற மீட்டர் தொங்கும், டாக்டர் குழாய் மாட்டியிருக்குற மாதிரி. காதுல பென்சில், வாயில ரெண்டு திருகாணி. பேச்சும் ரொம்பக் கிடையாது, மொத்தமே மூணு வாக்கியம்தான். கழட்டும்போது, "அஞ்சு நிமிஷ வேல." பாதில, "இப்ப புடிச்சிட்டேன்." வீடு மொத்தமும் இருட்டானப்புறம், "நான் ஒண்ணையும் தொடலயே!"

எங்க தெரு ஃபெர்கஸ் இந்த இனத்துலயே அசல் சரக்கு. வேலைலேர்ந்து ஓய்வு வாங்கின கையோட வீட்டு வண்டி வாங்கினாரு. நாடு முழுக்க சுத்தப் போறோம், கடலத் தாண்டி வடக்குத் தீவு வரைக்கும் போறோம்னு சொல்லி, பக்கத்து வீட்டு ரங்கிகிட்ட கைகுலுக்கி விடையும் வாங்கிக்கிட்டாரு. ரங்கி கூட கண்ணு கலங்கி ஒரு பாட்டுப் பாடி வழியனுப்பி வச்சான். அந்தப் பாட்டு வீணாப் போச்சு. அன்னிலேர்ந்து வண்டி வாசல்லயே நிக்குது, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு, முன் சக்கரத்துக்கு ஒரு கட்டைன்னு முட்டுக் குடுத்து. முட்டுக் குடுக்கலன்னா அது பாட்டுக்கு உருண்டு துறைமுகத்துக்குப் போயிடும். எங்க ஊர்ல எல்லா வாசலும் அப்படித்தான், யாரும் அதப் பத்திப் பேசறதில்ல.

ஏன் கிளம்பல? ஃப்ரிட்ஜ் குளிர மாட்டேங்குது.

அந்த ஃப்ரிட்ஜ் மூணு விதத்துல ஓடும். வீட்டுக் கரண்ட், வண்டி பேட்டரி, கேஸ். மூணுலயும் ஓடுது, ஒண்ணுலயும் குளிரல. பின்பக்கம் தொட்டா தோசை சுடலாம், உள்பக்கம் தொட்டா வெண்ணெய் உருகி ஓடுது. வேற ஒருத்தரா இருந்தா ஆளக் கூப்பிட்டிருப்பாரு. நம்ம ஃபெர்கஸ் கூப்பிடுவாரா? "எவனோ வந்து என் ஃப்ரிட்ஜத் தொடறதா?"ன்னு, ஏதோ பொண்டாட்டிக் கையப் புடிச்ச மாதிரி கேப்பாரு. பர்னரத் துடைச்சாரு, உள்ளேர்ந்து ஒரு சிலந்தியக் குடும்பத்தோட காலி பண்ணினாரு, பேட்டரிய மாத்தினாரு, ஃபியூஸ மாத்தினாரு, காத்து போக ஃபேன் வச்சாரு, அந்த ஃபேனுக்குக் காத்து போக இன்னொரு ஃபேன் வச்சாரு. அப்புறம் வேலி ஓரம் வந்து நிக்கிற ரங்கிக்குப் பாடம்.

"இதுல மோட்டாரே கிடையாது, தெரியுமா? உள்ள ஒரு மருந்துத் தண்ணி. சூடு பட்டா ஆவியாகி மேல போகும், ஆறினா குழாய் வழியா தானா வழிஞ்சு கீழ வரும். எவ்வளவு எளிமை பாத்தியா!"

"எளிமைதான் ப்ரோ. குளிருதா?"

"அது வேற விஷயம்."

வீட்டுக் கரண்ட் கதை இன்னும் விசேஷம். துணி துவைக்கிற ரூம் ஜன்னல் வழியா ஒரு ஆரஞ்சு கலர் வயர் இழுத்து வண்டிக்குக் குடுத்திருந்தாரு. அந்த பிளக்கும் சமையல்கட்டும் ஒரே லைன். உள்ள கெட்டில் போட்டா பொட்டுன்னு எல்லாம் போயிடும். அதனால அவர் சம்சாரம் மொய்ரா டீ குடிக்கணும்னா ஊரக் கூட்டணும்.

"டீ போடப் போறேன்!" ஜன்னல்லேர்ந்து குரல் வரும்.

"இரு, இரு, ஃப்ரிட்ஜ அணைச்சுக்கறேன்!" வண்டிக்கு அடியிலேர்ந்து பதில்.

"அணைச்சாச்சா?"

"ம்!"

"போடலாம்!"னு ரங்கி அவன் வீட்டு மாடிலேர்ந்து கத்துவான். மேல்வீட்டு நாய் ஒரு தடவ குலைக்கும். அப்புறம்தான் மொய்ரா பட்டன அமுக்கும். அந்தம்மா எத்தன டீ குடிக்குதுன்னு தெரு முழுக்கத் தெரியும். வயரக் கொஞ்சம் நீட்டி வேற பிளக்ல மாட்டினா தீந்துச்சு, இல்லையா? மாட்டலாம். ஆனா அப்புறம் என்னத்த ஆராய்ச்சி பண்றது?

பேட்டரி அளவு சொல்றது இன்னொரு சடங்கு. காலைல எழுந்ததும் மீட்டரும் கையுமா ஓடுவாரு, திரும்பி வந்து படுக்கை ஓரம் நின்னு, ரத்த அழுத்தம் சொல்ற டாக்டர் மாதிரி தாழ்ந்த குரல்ல, "பன்னெண்டரை வோல்ட்டுக்கு மேல நிக்குது"ம்பாரு.

"நான் எவ்வளவுல நிக்கிறேன்னு ஒரு நாளாவது அளந்து பாத்தியா, ஃபெர்கஸ்?"ன்னு மொய்ரா கேக்கும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா கிறிஸ்துமஸ். எங்களுக்கு அது வெயில் காலம். மொய்ராவோட அக்கா ஐலீன் குடும்பம் வருஷா வருஷம் ஏரிக்கரைல கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்கும். பன்றித் தொடை ஹாம் கொண்டு போறது மொய்ரா பங்கு. மேல கிராம்பு குத்தி, தேன் தடவி, அந்தம்மா சுடுற ஹாமுக்கு அந்தப் பக்கம் ஒரு பேரே உண்டு. போன வருஷம் என்ன ஆச்சு? ஃப்ரிட்ஜோட பின்பக்கம் மொத்தமும் கழண்டு புல்லு மேல கிடந்தது. ஏரிக்குப் போகல. வாசல்ல நாற்காலி போட்டு, வண்டியப் பாத்துக்கிட்டே, ரெண்டு பேரும் ஒரு ஹாம வாரக்கணக்குல தின்னாங்க. அக்கா புருஷன் கோலின் இருக்கானே, புதுசா வீட்டு வண்டி வாங்கினவன், அவன் அத ஏரிக்கரை முழுக்கச் சொல்லிச் சிரிச்சான். ஃபோன் பண்ணி, "ஏம்ப்பா ஃபெர்கஸ், உன் வண்டிக்கு வீட்டு வரி கேட்டு ஆள் வரலையா இன்னும்?"னு விசாரிச்சான்.

இந்த வருஷம் மொய்ரா ஒரே பேச்சு. "திங்கக்கிழமை காலைல நான் ஏரிக்குப் போறேன். நானும் ஹாமும். ஃப்ரிட்ஜ் குளிர்ந்தா வண்டில. இல்லேன்னா கோலின் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்."

"நான்?"

"உன் இஷ்டம். பின் சீட்ல எடமிருக்கு. ஹாம மடில வச்சுக்கணும்."

கோலின் ஓட்ட, ஃபெர்கஸ் பின் சீட்ல, மடில ஹாம்! மனுஷன் அன்னிக்குச் சாப்பாட்டுல கையே வைக்கல.

மொய்ரா பரீட்சையும் வச்சுது. ஃப்ரிட்ஜ நம்பி ஹாம வைக்க முடியாது, அதனால ஒரு கிண்ணம் சிவப்பு ஜெல்லி. "இது உறையட்டும், அப்புறம் பேசலாம்." தினமும் காலைல ஃபெர்கஸ் கதவத் திறப்பாரு, தினமும் ஜெல்லி தளதளன்னு தண்ணியா இருக்கும், தினமும் ரங்கி அத ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு ப்ரோ, மனசத் தளர விடாத"ன்னு தட்டிக் குடுப்பான்.

ஜெல்லின்னதும் ஒண்ணு சொல்லணும். அந்த வீட்டு ஃப்ரிட்ஜ்ல, வண்டியில இல்ல, சமையல்கட்டு ஃப்ரிட்ஜ்ல, ஜெல்லி அழகா உறையும். ஆனா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் உறையும். அவங்க புள்ளைங்க சின்னதா இருக்கும்போது ஏத்தப் பக்கம் யாருக்குன்னு அடிச்சுக்குமாம். தட்டுல பட்டாணி வச்சா கடல் பக்கமாத்தான் உருளும். குளிக்கிற தொட்டியில தண்ணி ஒரு கோடியில கழுத்துக்கு நிக்கும், மறு கோடியில கணுக்கால் நனையாது. வீடு பழசு, மலைச் சரிவுல மெதுவா ஒருக்களிச்சுப் படுத்துடுச்சு. கொத்தனாருங்க சுவத்து மேல வச்சுப் பாப்பாங்களே ரசமட்டம், நடுவுல காத்துக் குமிழி ஓடுமே, அது ஃபெர்கஸ்கிட்ட மூணு இருந்துச்சு. மூணையும் "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், ஒண்ணுலயும் குமிழி நடுவுல நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லி, பழுதுப் பெட்டில தூக்கிப் போட்டுட்டாரு.

உங்களுக்கு இப்பவே ஏதோ தோணுதா? பேசாம இருங்க. ஃபெர்கஸ்கிட்ட சொல்லி ஜெயிச்சவங்க யாரும் இல்ல.

ஞாயித்துக்கிழமையும் வந்துடுச்சு. காலைல ஜெல்லி தண்ணி. ரங்கி உறிஞ்சிட்டான். மொய்ரா ஹாம துணியில சுத்தி வீட்டு ஃப்ரிட்ஜ்ல பத்திரம் பண்ணிட்டு, கோலினுக்கு ஃபோன் போட்டுது. வச்சிட்டு வாசலுக்கு வந்து அந்த ரெண்டு காலப் பாத்துச் சொல்லிச்சு:

"நாளைக்கு கோலின் கார் உள்ள வரணும். வண்டிய எடு."

கால் ரெண்டும் அசையல.

"வழிய விடுன்னேன், ஃபெர்கஸ்."

"இப்ப புடிச்சிட்டேன் மொய்ரா, அஞ்சே நிமிஷம்..."

"புடிச்சத புடிச்சுக்கிட்டே எடு."

மனுஷனுக்கு வந்துச்சு பாருங்க ரோஷம். முட்டுக் கல்ல உதைச்சாரு, கால்ல அடி பட்டுச்சு, நொண்டிக்கிட்டே உள்ள ஏறி, ஆரஞ்சு வயர உருவி, வண்டியக் கிளப்பினாரு. அந்த ரோஷத்துலயும் கிளம்புறதுக்கு முன்னாடி சமையல்கட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் ஜெல்லி கரைச்சு எடுத்துக்கிட்டாரு, அதான் இந்த இனம். "எங்க நிறுத்துவ?"ன்னு ரங்கி கேட்டதுக்கு, "எனக்கு மரியாதை இருக்குற எடத்துல"ன்னுட்டு மலைய விட்டு இறங்கிப் போயிட்டாரு.

மரியாதை இருக்குற எடம் எதுன்னா, அடிவாரத்துல பௌலிங் கிளப். வெள்ளச் சட்ட போட்ட பெருசுங்க புல்தரைல பந்து உருட்டுற எடம். வண்டி நிறுத்த வேற எங்கயும் எடமில்ல. அங்க போய், கேஸப் பத்தவச்சு, ஜெல்லிய உள்ள வச்சுக் கதவச் சாத்திட்டு, முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துட்டாரு.

மறுநாள் காலைல மொய்ரா இறங்கி வந்துது. சமாதானம் பேச இல்ல, வெயில் தொப்பி வண்டில இருந்துச்சு. ஃபெர்கஸ் போர்வைக்குள்ள. தொப்பிய எடுத்துது. போற போக்குல, பழக்க தோஷம், ஃப்ரிட்ஜத் திறந்துது.

திறந்துட்டு அப்படியே நின்னுது.

"ஃபெர்கஸ்."

"என்ன."

"இங்க வா. ஜெல்லி என்னமோ மாதிரி இருக்கு."

போர்வையோட வந்தாரு. கிண்ணத்த வெளிய எடுத்து மேஜை மேல வச்சு, ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. உறைஞ்சிருக்கு. கல்லாட்டம் உறைஞ்சிருக்கு. ஆனா நெத்தி சுருக்கினபடி ரெண்டு பேரும் பாத்தது அத இல்ல.

"நேரா இருக்கு," மொய்ரா சொல்லிச்சு.

"ஆமா. ஏத்தமே இல்ல." ஃபெர்கஸ் கிண்ணத்தச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "கோளாறு முத்திப் போச்சோ?"

மொய்ரா ஜெல்லியப் பாத்துது. ஜன்னல் வழியா, பலகை மாதிரி பரந்து கிடந்த புல்தரையப் பாத்துது. அப்புறம் மலை மேல, தோள் இறங்கி உக்காந்திருக்குற அதோட சொந்த வீட்டப் பாத்துது. கையில இருந்த தொப்பிய மெதுவாக் கீழ வச்சுது.

"அந்த மருந்துத் தண்ணி தானா வழிஞ்சு ஓடணும்னு ரங்கிக்கு தினமும் பாடம் எடுத்தியே."

"ஆமா, மோட்டாரே கிடையாது, ரொம்ப எளி..."

"நம்ம வாசல்ல பட்டாணியே நேரா ஓடாது, ஃபெர்கஸ். சாஞ்சு நிக்கிற குழாயில அது எப்படி ஓடும்?"

அப்புறம் அவரு மீட்டர எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு, தொண்டையச் செருமி, என்ன சொல்லியிருப்பாருன்னு நினைக்கிறீங்க?

"அதத்தான் நான் இப்ப சொல்ல வந்தேன்."

மொய்ரா அடிக்கக் கை ஓங்கி, பாதில சிரிச்சு, சிரிப்பு தாங்காம கட்டில்ல உக்காந்துடுச்சு. கோலின் காரோட வந்து நிக்கிறப்ப ஹாம் மலைலேர்ந்து இறங்கி வந்து வண்டி ஃப்ரிட்ஜுக்குள்ள குளுகுளுன்னு குடியேறியிருந்துச்சு. "என்னய்யா, கிளம்பிட்டியா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கோலின் கேட்டான். ஃபெர்கஸ் ஹாரன அடிச்சாரு. ரங்கி தெருமுனைல நின்னு பழைய பாட்ட முதல்லேர்ந்து பாடினான். இந்தத் தடவ பாட்டு முடியுறதுக்குள்ள வண்டி கண்ணுக்கு மறைஞ்சிடுச்சு.

ஏரிக்கரைல ஹாம் பேர் வாங்கிச்சு. ஐலீன் ரெண்டு தடவ போட்டுக்கிட்டா. எல்லாரும் தண்ணில குதிச்சாங்க. ஆனா நம்மாளு? கைல பீர், ஜில்லுன்னு இருக்கு, அதப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடறாரு. ஃப்ரிட்ஜ் குளிருது, விளக்கு எரியுது, பம்ப் ஓடுது. இப்படி ஒரு கொடுமை உண்டா? ரெண்டு நாள் தாக்குப் புடிச்சாரு. மூணாம் நாள், பக்கத்துல நின்ன கோலினோட வீட்டு வண்டிக்குள்ளேர்ந்து "டொக்"குன்னு ஒரு சத்தம். ஃபெர்கஸ் மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி மலரலன்னு மொய்ரா எங்க தெருவுல வந்து சொல்லிச்சு.

"அது ஒண்ணுமில்ல கோலின். அஞ்சு நிமிஷ வேல."

கோலின் வேணாம் வேணாம்னு கத்திக்கிட்டே தண்ணிலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள, புது வண்டிக்கு அடியில ரெண்டு கால் நீட்டியாச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்ககிட்ட வீட்டு வண்டி இல்ல, உங்க வாசல் சமமா இருக்கு, நீங்க வேற மாதிரி ஆளு, எல்லாம் சரிதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். தப்புத் தப்பாக் காட்டுதுன்னு சொல்லி, எடை பாக்குற மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டீங்களே, அத எப்ப வெளிய எடுக்கப் போறீங்க?