மொட்டைத் தலையோடு மாமனாரை வரவேற்ற கதை

எதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்கிற ஆள் நான். என் வாழ்க்கையின் பெரிய சொதப்பல்கள் எல்லாமே அப்படிக் கணக்குப் போட்டுச் செய்தவைதான்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் கயல்விழி, திண்டுக்கல்காரி. சிங்கப்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழக்கம். (பழக்கம் என்றால் காதல்தான். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை.) நான் சொந்த ஊரான யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்தான்) திரும்பியதும், மாப்பிள்ளை வீடு பார்க்க அவளுடைய அப்பாவும் அம்மாவும் வருவதாக ஏற்பாடானது. பார்த்த பிறகுதான் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன் என அவள் அப்பா, அதாவது மாமா, கறாராகச் சொல்லியிருந்தார். நாளையும் அவரே குறித்தார்.

"சித்திரை ஒண்ணு வர்றோம் தம்பி. லீவு நாள். சாமி கும்பிட்டுட்டு நிதானமா உக்காந்து பேசலாம்."

திண்டுக்கல்லில் சித்திரை ஒன்று விடுமுறை என்றால் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, மாங்காய்ப் பச்சடியோடு சாப்பிட்டு, டிவி முன்னால் தூங்குவது. யாங்கோனில் அந்த நாள் பர்மியப் புத்தாண்டான திங்யான் பண்டிகையின் நட்டநடுவில் வரும். நாள்கணக்கில் கடையும் கிடையாது, ஆபீசும் கிடையாது. பாதி ஊர் தெருவில் நின்று போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றும். மீதியில் பலர் மொட்டை போட்டுக்கொண்டு புத்த மடத்தில் பிக்குவாக இருந்துவிட்டு, லீவு முடிந்ததும் காவியைக் களைந்து ஆபீசுக்கு வந்து உட்காருவார்கள்.

என் அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். கல்யாணத்துக்கு முன் மகனைக் காவியில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உடனே கணக்குப் போட்டேன். லீவு தொடங்கிய அன்றே எங்கள் பேட்டைக்கு அடுத்த தாகேதாவில் ஒரு மடத்தில் சேருவது. சித்திரை ஒன்று காலையில் காவியைக் களைந்துவிட்டு, விருந்தாளிகளின் விமானம் இறங்குவதற்குள் வீட்டில் இருப்பது. மொட்டையா? பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்காத மொட்டையா! கயலிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலை பெரிய பிக்குவின் உபதேசம் நீண்டுகொண்டே போனது. அதுகூடப் பரவாயில்லை. விமான நிலையத்துக்குப் போயிருந்த என் அப்பா, பெருமை தாங்காமல் சம்பந்திகளை நேராக மடத்துக்கே கூட்டிவந்துவிட்டார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது நான் காவியும் மொட்டையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தேன். கீழே அம்மா, நெற்றி தரையில் பட என்னை வணங்கிக்கொண்டிருந்தாள். பிக்கு என்றால் பெற்ற மகனையும் வணங்குவது இங்கே வழக்கம். வாசலில் கயலின் அம்மா, என் வருங்கால அத்தை, அலறினார்.

"ஐயய்யோ! பெத்த தாயி மகன் கால்ல விழறாங்க! என்னங்க இது அநியாயம்?"

அப்பா விடவில்லை. "இதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி. நீங்களும் கும்புட்டுக்கோங்க."

மாமா கும்பிடவில்லை. "பொண்ணு குடுக்க வந்தவனுக்கு சன்னியாசியைக் காட்டுறீங்களே, நியாயமா?"

"இது நம்ம பழனி மொட்டை மாதிரிதான் மாமா" என்றேன்.

"பழனி மொட்டைன்னா சந்தனம் இருக்கும்ல?" என்றார் அத்தை. நான் வெறும் மொட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஒருவழியாக விடைபெற்று, காவியைக் களைந்து, சட்டையும் லுங்கியுமாக அவர்களோடு வண்டியில் ஏறினேன். எங்கள் பேட்டையான பசுந்தாங்கில், தெருமுனையிலேயே, இனி போக முடியாது என்று டிரைவர் இறக்கிவிட்டார். தெரு முழுக்கக் குழாயும் வாளியுமாகக் கூட்டம். மாமாவோ பட்டு வேட்டியில்.

நான் அசரவில்லை. அதுவரை தினமும் பிச்சைப் பாத்திரத்தோடு இதே தெருவில் போனபோது ஒருத்தரும் என் மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லையே!

"என் பின்னாலயே வாங்க மாமா. நம்ம மேல தண்ணி படாது."

தெருக்காரர்கள் கும்பிட்டது காவியை, என்னை இல்லை என்பது முதல் வாளியிலேயே புரிந்துபோனது. முந்தின நாள் எனக்குச் சோறிட்டு வணங்கிய எதிர்வீட்டுப் பெண்தான் ஊற்றினாள். இரண்டாவது வாளி மாமாவுக்கு. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பட்டு வேட்டி காலோடு ஒட்ட, அவர் சொட்டச் சொட்ட நின்றார். போச்சு, கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. (முகமெல்லாம் தண்ணீர், யாருக்கும் தெரியவில்லை.)

அத்தை அந்தப் பெண்ணின் கையிலிருந்து மூன்றாவது வாளியைப் பிடுங்கினார். சண்டைதான் என்று நினைத்தேன். முழு வாளியையும் என் மொட்டையில் கவிழ்த்தார்.

"எம்பொண்ணுகிட்டகூட சொல்லாம மொட்டை போட்டீங்கள்ல? அதுக்கு!"

தெருவே கைதட்டியது. அத்தை வாய்விட்டுச் சிரித்தபடியே இன்னொரு வாளி மொண்டார். மாமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவ இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு!" என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு குடுக்கறேன் தம்பி. ஆனா தலையில சீப்பு நிக்கணும். அப்புறம்தான் முகூர்த்தம்."

சீப்பு ஆவணியில்தான் நின்றது.

இன்றும் ஒவ்வொரு சித்திரை ஒன்றுக்கும் திண்டுக்கல்லிலிருந்து வீடியோ அழைப்பு வரும். வாழ்த்துக்கு முன்னால், "மாப்பிள்ளை, தலையைக் காட்டுங்க" என்பார் மாமா. நான் குனிந்து காட்டுவேன். அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் சிரிக்கும்.

இந்த வருஷம் மாமா வழக்கத்தைவிட அதிக நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, மறுபடியும் மடத்துக்குப் போயிட்டீங்களா?"

நான் எங்கேயும் போகவில்லை. போனது முடிதான்.