சீ என்றால் உயிர்மூச்சு

“சீ!” என்றார் டிக்‌ஷனரி.

பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். “யாரைப் பார்த்து சீங்கறீங்க?”

“உங்களை இல்லை டாக்டர்! வார்த்தை, வார்த்தை! எழுதறது க்யூ, ஐ. வாசிக்கறது சீ. உடம்புல ஓடற உயிர்மூச்சுன்னு அர்த்தம்.”

“க்யூவும் ஐயும் சேர்ந்தா எப்படி சார் சீ ஆகும்? திட்டறதைத் திட்டிட்டு அர்த்தம் வேற சொல்றீங்களா?”

குடியிருப்பின் கீழ்த்தள அறையில் கூடியிருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஆட்டம் பார்க்க வந்த இடத்தில் சண்டையும் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

குடியிருப்புச் சங்கத்தின் பழைய செயலாளர் இனி மகள் வீட்டோடு போகிறார். அவர் பதவியை எடுத்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்க வேண்டும், லிஃப்ட் நின்றால் திட்டு வாங்க வேண்டும், இரண்டும் ஒழுங்காக ஓடினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, இன்னொருவருக்கு அடிக்கடி வெளியூர், மூன்றாமவருக்கு மாமியார். காரணம் தேடுவதில் பின்தங்கியவர்கள் பல் டாக்டரும் டிக்‌ஷனரியும்தான். தோற்றவர் செயலாளர் என்று முடிவாயிற்று. எழுத்துக்கட்டை ஆட்டம் என்ற யோசனையைச் சொன்னவர் டிக்‌ஷனரி.

பின்னே? இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மனிதர் யாரும் வாயால் சொல்லாத ஆங்கில வார்த்தைகளாகத் தேடித் தேடி மனப்பாடம் செய்திருந்தார். உயிரெழுத்தே இல்லாமல் சி, டபிள்யூ, எம் என்று ஒன்று, மலையில் இருக்கும் பள்ளமாம். இசட், ஏ, எக்ஸ் என்று ஒன்று, கூரைக்குப் போடும் கல்லை வெட்டும் கருவியாம்.

“பால் வாங்கிட்டு வாங்கன்னா மறந்துடறீங்க. இதெல்லாம் மட்டும் எப்படிங்க ஞாபகம் நிக்குது?” என்று கேட்ட மனைவி, கிளம்பும்போது ஒன்று சொல்லித்தான் அனுப்பினாள். “தோத்துட்டு வந்தீங்க, மோட்டார் ரூம்லயே பாயை விரிச்சுக்குங்க. விடியறதுக்குள்ள கதவைத் தட்டறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.”

சொன்னதோடு நிற்காமல், கூடவே வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றும் கொண்டாள்.

தலையணை கனத்தில் ஓர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பழைய செயலாளர்தான் நடுவர். அதில் சீ இருந்தது. இருந்து என்ன செய்ய? டாக்டர் உட்கார மறுத்துவிட்டார்.

“மனசுல வச்சுக்காதீங்க டாக்டர்,” என்று டிக்‌ஷனரி இறங்கி வந்தார். “வேணும்னா என் அடுத்த முறையை விட்டுடறேன். நீங்களே ரெண்டு தடவை ஆடுங்க.”

டாக்டரின் கோபம் ஒரே நொடியில் ஆறியதைப் பார்த்தபோதே டிக்‌ஷனரிக்கு உறைத்திருக்க வேண்டும். டாக்டர் முதலில் ஒரு சின்ன வார்த்தை வைத்தார். அடுத்து சி, ஓ, ஐ, ஆர் என்று நாலு கட்டைகளை அடுக்கினார். அதில் ஓ, மேல்வரிசையில் மும்மடங்கு புள்ளி தரும் சிவப்புக் கட்டத்துக்கு நேர் கீழே, நாலாவது வரிசையில் வந்து விழுந்தது.

“கொயர். தேங்காய் நார்,” என்றார்.

“அது நம்ம கயிறு!” டிக்‌ஷனரி துள்ளினார். “வீட்டு வார்த்தையை எடுத்து இங்கிலீஷ்ங்கறீங்களே! செல்லாது! புக்கைப் பாருங்க!”

பழைய செயலாளர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். “நம்ம கயிறுதான் சார். ஆனா உள்ள குடியேறிடுச்சு. குடியேறிட்டா இங்கிலீஷ்தான். தப்பா ஆட்சேபிச்சதுக்கு உங்களுக்கு இன்னொரு முறை போச்சு.”

டாக்டர் மறுபடி ஆடினார். பையில் கட்டைகள் தீர்ந்தன. டிக்‌ஷனரி கையில் மிச்சம் ஏ, ஐ, ஒய். டாக்டர் கையில் இரண்டே கட்டை, புள்ளியிலும் அவர்தான் கொஞ்சம் மேலே.

“ஐயோ,” என்றாள் மனைவி.

“சும்மா இரு. யோசிக்கறேன்ல?”

“என்னங்க... ஐயோ!”

“பார்க்கறவங்க பேசக்கூடாது,” என்றார் டாக்டர்.

“பாவம், அவங்க எங்க பேசறாங்க?” என்று நடுவர் பரிந்து வந்தார். “தாலி கட்டினவர் தோக்கறார், ஒரு ஐயோ போடக்கூடவா உரிமை இல்லை?”

டிக்‌ஷனரிக்கு வியர்த்துக் கொட்டியது. விடியற்காலையில் கதவுக்கு வெளியே வாளியோடு நிற்கும் கூட்டம் கண் முன்னால் வந்தது. மூளைக்குள் இருந்த பள்ளமும் கல் வெட்டும் கருவியும் சமயம் பார்த்துக் காலை வாரின.

மனைவி முகவாயை போர்டின் மேல்வரிசை பக்கம் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, இழுத்துச் சொன்னாள். “ஐ... யோ!”

“முதல்ல போய்த் தண்ணி கொண்டு வா!” என்று எரிந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் ஒரு வார்த்தையும் கிடைத்துவிட்டது. ஏ, ஐ இரண்டையும் போர்டின் மூலையில் வெற்றிக் களிப்போடு வைத்தார்.

“ஏஐயா? கம்ப்யூட்டரா?” என்றார் டாக்டர்.

“மிருகம்! மூணு விரல். மரத்துல தலைகீழாத் தொங்கும், லேசுல அசையாது.”

நடுவர் பக்கத்தைப் புரட்டி, “இருக்கு,” என்றார்.

டாக்டர் தன் இரண்டு கட்டைகளையும் அமைதியாக வைத்து ஆட்டத்தை முடித்தார். டிக்‌ஷனரியின் கையில் ஒய் மட்டும் பல்லிளித்தது. மோட்டார் ரூம் சாவிக்கொத்து அவர் மடியில் வந்து விழுந்ததுதான் தாமதம், மாடியிலிருந்து ஒரு குரல்: “செயலாளர் சார்! குழாய்ல காத்துதான் வருது!”

“எல்லாம் இவளால,” என்று அவர் பொருமினார். “நல்லா யோசிச்சுக்கிட்டு இருந்தவனை ஐயோ ஐயோன்னு புலம்பியே கவுத்துட்டா.”

அதற்குள் மனைவி பாயை எடுக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அகராதியை மூடப்போன பழைய செயலாளரின் விரல், மூன்று விரல் மிருகத்துக்குச் சில பக்கங்கள் தள்ளி ஓரிடத்தில் நின்றது. அவர் போர்டைப் பார்த்தார், சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார், கொயரின் ஓவைப் பார்த்தார்.

“ஏ, ஐ, ஒய், ஓ... ஐயோ! இங்க இருக்கே சார்! உங்க வீட்டம்மா புலம்பலை, சொல்லிக் கொடுத்திருக்காங்க.”