ட்யூனர் தேர்வுக் குழுவின் ஒருமனதான தீர்மானம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய சாதனையல்ல. கட்டையைக் கட்டையில் தேய்த்தால் குரங்குக்கும் அது வந்துவிடும். பழைய எஃப்.எம். ட்யூனர்களில் நல்லதைக் கண்டுபிடிப்பவனே மனிதன். செங்கல்பட்டில் அப்படிப்பட்டவர்கள் இருவர்தான். ஒருவர் 'ஒலி ஆலோசகர்' ராகவன். இன்னொருவர், ராகவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அலுவலகக் கண்காணிப்பாளர் தேவசகாயம்.

தேவசகாயத்தின் அப்பா படாளத்தில் அடுத்தவன் வயலில் வரப்பு வெட்டியவர். ரேடியோவை அடுத்தவன் சுவருக்கு வெளியே நின்று கேட்டவர். மகனிடம் இப்போது இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. வானொலியைப் பிடித்துத் தரும் ட்யூனர்தான் பாக்கி. அதற்கும் அவசரம் வந்துவிட்டது. மகள் கவியா அன்று மாலை ஐந்தரைக்கு உள்ளூர்ச் சமுதாய வானொலியில் நேரலையில் பேசுகிறாள். ஏழே நிமிடம். மறு ஒலிபரப்பு கிடையாது.

"போன்லயே கேக்கலாங்க," என்றாள் மனைவி ஜெசிந்தா.

"பெத்த பொண்ணு கொரல போன்லயா கேப்பாங்க? தரம்னு ஒண்ணு கீதில்ல?"

ஆகவே நாலரைக்குத் 'தேர்வுக் குழு' கூடியது. மாமல்லபுரம் பக்கத்து விடுதிகள் கழித்துக்கட்டிய மூன்று ட்யூனர்களைப் பழைய சாமான் வியாபாரி நீலமேகம் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

முதலாவதை ராகவன் மோந்து பார்த்தார். "கடல் காத்து குடிச்சிருக்கு. உள்ள துரு."

"நாங்கூடத்தான் பொறந்ததுலேந்து குடிச்சிகினு கீறேன். நல்லாத்தான பேசறேன் அண்ணாத்த?" என்றார் நீலமேகம்.

இவ்வாதம் 'தொழில்நுட்ப அடிப்படையற்றது' எனத் தள்ளுபடியானது.

இரண்டாவதன் குமிழைத் தொட்டாலே கரகரப்பு. மூன்றாவது அழகி: வெள்ளி முகம், துடிக்கும் முள், ஸ்டீரியோ வந்தால் எரியும் சிவப்பு விளக்கு.

"முள்ளு காட்டற நம்பர நம்பாதீங்க சார், பழைய செட்டுல அது தள்ளித்தான் நிக்கும். வெளக்க நம்புங்க. எரிஞ்சா ஸ்டேஷன், எரியலன்னா குப்ப," என்று கொள்கை வகுத்தார் ராகவன். தேவசகாயம் வழிமொழிந்தார்.

"மணி ஆவுது," என்றாள் ஜெசிந்தா. 'பணிக்கு இடையூறு' என்று அவள் வெளியேற்றப்பட்டாள்.

ஐந்து முப்பத்திரண்டு. நகைக்கடை விளம்பரம்: விளக்கு எரிந்தது. குழுவுக்குப் புல்லரித்தது. வீட்டுமனை விளம்பரம்: எரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தியதும் ஒரு பெண்குரல், தொண்டை கட்டியதுபோல், மீன் கூடை சுமக்கும் பெண்களின் முட்டிவலியைப் பற்றிப் பேசியது. தெளிவாகத்தான் கேட்டது. விளக்கு எரியவில்லை.

"மோனோ. ஸ்டீரியோவே இல்ல," என்றார் ராகவன், பிணத்தைப் பார்த்த மாதிரி.

"இன்னா கொரலு இது, தகரத்துல ஆணி இழுத்தாப்ல! நவுத்துங்க சார், பொண்ணு பேச்சு போயிடப் போவுது," என்றார் தேவசகாயம்.

நகர்த்தினார்கள். விளக்கு மேலும் நான்கு விளம்பரங்களுக்கு எரிந்தது. ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது ட்யூனர் ஒருமனதாகத் தேர்வு பெற்றது.

தெருமுனை இஸ்திரி வண்டியின் ரேடியோவில் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஜெசிந்தா படியேறி வந்தாள்.

"எங்களுக்கு ஸ்டேஷனே மாட்டல. பேசினாளா?" என்றார் தேவசகாயம்.

"பேசினா. சளி புடிச்சிகினு கொரலே கம்மிப்போய் கீது பாவம். மீன்காரம்மாங்க முட்டிவலியப் பத்தி அம்மாம் நல்லா சொன்னா."

தேவசகாயத்தின் கை குமிழிலேயே நின்றது.

"கடைசில உங்களப் பத்திகூட சொன்னாளுங்க."

"இன்னா சொன்னா?"

"'ஆயிரம் பேரு பேசினாலும் எங்கப்பாவுக்கு என் கொரலு தனியா தெரிஞ்சிடும்'னா."