ஆறு மாவும் ஒரு க்ரீம் கலர் கோட்டும்

தான் அழகாக இருக்கிறோம் என்று ஒருவனுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டால், சிரமம் அவனுக்கில்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். எனக்கு அது இருபத்து மூன்றாவது வயதில், ஒரு தை மாதம் தோன்றியது. சிரமப்பட்டது அப்பா, அம்மா, மற்றும் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றுகொண்டிருந்த ஆறு மா சம்பா நெல். (ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். தஞ்சாவூர்க்காரர்கள் மன்னிக்கவும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

விதை போட்டவன் பிரபு. என்னோடு கல்லூரியில் படித்தவன், தஞ்சாவூரில் கல்யாண போட்டோகிராபர். "மாப்ள, ஒனக்கு தாடை செம ஷார்ப்புடா, மாடலிங் பண்ணு" என்றான். அதுவரை தாடையை நான் முருங்கைக்காய் கடிக்க மட்டுமே பயன்படுத்தி வந்தேன். படித்து முடித்து வேலை இல்லாமல் இருந்த நேரம் வேறு. சென்னையில் ஒரு மாடலிங் கம்பெனிக்கு செல்ஃபி அனுப்பினேன். சனிக்கிழமைக்குள் முறையான படங்கள் வேண்டும் என்று பதில் வந்தது. தை மாதம் முழுக்க முகூர்த்தம் என்பதால் பிரபுவுக்கு ஓய்வு வியாழக்கிழமை காலை மட்டும்தான். இடமும் அவனே சொன்னான்: "ஒங்க வயலுதான். பின்னாடி தங்கமா நெல்லு, முன்னாடி கோட்டு போட்டு நீ."

ஊரில் எல்லோரும் அறுத்து முடித்திருந்தார்கள். நாங்கள் தாமதமாக நடவு செய்ததால், அந்தப் பக்கம் தங்கமாக நின்றது எங்கள் ஆறு மா மட்டும்தான்.

தயாரிப்பு மூன்று வாரம் முன்பே, பிரபு தாடையைப் பற்றிச் சொன்ன அன்றே தொடங்கிவிட்டது. முதல் காரியமாகச் சோற்றை விட்டேன். நெல் விளைகிற வீட்டில் ஒருவன் சோறு வேண்டாம் என்றால் அது வியாதிக் கணக்கில் சேரும். அம்மா இரண்டு முறை சுற்றிப் போட்டாள். அப்பா மட்டும், "ஊருக்கே அரிசி போடுறோம், நீ ஓட்ஸ் திங்கிறியேடா" என்று சிரித்தார். பீரோ கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணைச் சுருக்கி அரைச் சிரிப்பு சிரித்துப் பழகினேன். பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, "கடவாப் பல்லு வலிக்குதா தம்பி?" என்று கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா வீட்டுக்காரர் ரிசப்ஷனுக்குத் தைத்த க்ரீம் கலர் கோட்டைக் கெஞ்சி வாங்கி வந்தேன். படம் எடுப்பதற்கு முந்தைய நாளிலிருந்து தண்ணீரும் குடிக்கக் கூடாது, முகம் வற்றினால்தான் எலும்பு எடுப்பாகத் தெரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதையும் கேட்டேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அறுப்பு மெஷின் டிரைவர் முருகேசண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். சேலம் பக்கத்துக்காரர், அறுப்புக்கு வருஷா வருஷம் வண்டியோடு வருபவர். எங்கள் முறை வந்துவிட்டதாம், மத்தியானமே வண்டியை இறக்கலாமாம். அப்பா கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தார். வீட்டு வாசலில் நான், முகத்தில் கடலை மாவும் தயிருமாக.

இன்றைக்கு அறுத்தால் நாளைக்கு எனக்குப் பின்னால் வெறும் அறுத்த அடிக்கட்டைதான் நிற்கும்.

"மேலதாண்ணே பழுத்திருக்கு. அடியில இன்னும் பச்ச. நாளைக்கு மத்தியானம் வாங்களேன்" என்றேன்.

"போறப்ப பாத்தனே, நல்லாத்தான இருக்குது?"

"அப்பாதாண்ணே சொல்லச் சொன்னாரு."

அவர் என் கடலை மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்பா பெயரைச் சொன்ன பிறகு அவரால் என்ன செய்ய முடியும்? போய்விட்டார்.

மத்தியானம் அப்பா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மெஷின்காரரு வந்தாரா?"

"வரலப்பா."

"மழ வருதுங்கிறான் செய்தில. இன்னிக்கே அறுத்துட்டா தேவலாம்" என்று போன் போட்டார். முருகேசண்ணன் எங்கோ மெஷின் சத்தத்தில் இருந்தாரோ என்னவோ, எடுக்கவில்லை. முற்றிய நெல்லில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பயிர் சாயும், ஈரத்தில் கதிரிலேயே முளைக்கும், டயர் வைத்த அறுப்பு மெஷின் சேற்றில் இறங்காது. அஞ்சு மாத உழைப்பு போய்விடும். எல்லாம் தெரிந்தும், ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழன் விடிந்தபோது வானம் சாம்பல் நிறம்.

பிரபு கேமராவை எடுத்துக்கொண்டு வரப்பில் குதித்தான். "மாப்ள, மேகம் செமடா! நிழலே விழல. காசு குடுத்தாலும் இந்த லைட் கெடைக்காது!" என்றான். அவன் மேகத்தைப் பாராட்டப் பாராட்ட நான் நெல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கிழக்கே இன்னும் கொஞ்சம் கறுத்தது. "சூப்பர், சூப்பர்! இன்னும் கறுக்கட்டும்!" என்று வேறு வேண்டிக்கொண்டான். நான் கோட்டும் ஷூவுமாக வரப்பில் நின்று அரைச் சிரிப்பு சிரிக்கப் பார்த்தேன். கண் மட்டும் மேலே மேலே போனது. "கேமராவப் பாருடா, ஆகாசத்த ஏன் பாக்குற?" என்று கத்தினான்.

பத்து மணிக்கு அப்பா மொபெட்டில் வந்தார். எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தள்ளியே நின்று மறுபடி முருகேசண்ணனுக்குப் போன் போட்டார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இந்த முறை முருகேசண்ணன் எடுத்துவிட்டார்.

"தம்பி, வானத்தப் பாத்தீங்களா? எப்படியாச்சும் வந்துருங்க, ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

"ஏங்க, நேத்தே வந்தனே! பச்சயா இருக்குது, நாளைக்கு வாங்கன்னு நீங்க சொன்னதா உங்க பையன்தான் சொல்லிச்சுங்க!"

பிரபு அந்தச் சமயம் பார்த்து ஒரு படம் எடுத்தான். 

அப்பா போனை அணைத்தார். வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கோட்டைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இன்னும் எத்தன படம் பாக்கி?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானத்தில் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பிரபுவின் பைக்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது மட்டும் நினைவிருக்கிறது.

மெஷின் இரண்டு ஊர் தள்ளி ஒரு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, கையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். முருகேசண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"யாரு, கடல மாவா?"

"அண்ணே, பொய் சொல்லிட்டேன். எங்கப்பா ஒண்ணும் சொல்லல. மன்னிச்சிடுங்கண்ணே, வந்துருங்க."

இந்த வயலை முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றார். அது நியாயம்தானே, அவர்களுக்கும் அதே வானம்தான். நான் மூன்று மணி வரை அந்த வரப்பிலேயே, வண்டி வேறு எங்கும் போய்விடாமல், கோட்டோடு காவல் இருந்தேன். பிறகு பைக்கில் முன்னால் நான், பின்னால் மெஷின். ஊர்வலம் எங்கள் வயலை அடையும்போது மூன்றரை.

முருகேசண்ணன் உடனே வண்டியை வயலில் இறக்கினார். ஒரு மா முடிந்தது. இரண்டு, மூன்று. காற்று திரும்பி ஈர வாசனை வந்தது. நாலு. மெஷின் டிராக்டர் டிரெய்லரில் நெல் கொட்டக் கொட்ட, நானும் பைக் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்த பிரபுவும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்தோம். ஐந்தாவது மா முடிந்து வண்டி கடைசி மாவுக்குத் திரும்பும்போது முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்ததும் எனக்குக் கண் இருட்டியது. மூன்று வாரமாகச் சோறு இல்லை, ஒரு நாளாகத் தண்ணீர் இல்லை. அப்படியே சேற்றில் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது டிரெய்லருக்கு அடியில் கிடந்தேன். வயலுக்குச் சோறு கொண்டுவந்த அம்மா தூக்குவாளியிலிருந்து தயிர்சோற்றை அள்ளி என் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். "முழுங்கு, முழுங்கு" என்றாள். அந்த ஷார்ப்பான தாடை ஒரு பேச்சும் பேசாமல் மென்றது. கடைசி மா எங்கள் கண்ணெதிரே மழையில் சாய்ந்து படுத்தது. அப்பா நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

படங்களில் ஒன்றில்கூட நான் கேமராவைப் பார்க்கவில்லை. முகத்தில் பயம் தெரிகிறது என்று கம்பெனிக்காரர்கள் பதில் எழுதினார்கள். திறமையானவர்கள், சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் கோட்டைத் திரும்பக் கேட்கவே இல்லை.

அந்த ஒரு மாவுக்கு அதற்குப்பின் போட்டோ வயல் என்று பெயர் வந்துவிட்டது. "போட்டோ வயலுக்குத் தண்ணி பாஞ்சிடுச்சா?", "போட்டோ வயல்ல எலித் தொந்தரவு." வேலைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பட்டாவில் மட்டும்தான் இன்னும் ஏறவில்லை.

நான் இப்போது திருச்சியில் ஒரு அலுவலகத்தில், யாரும் முகத்தைப் பார்க்காத வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு தையிலும் ஒரு நாள் அப்பாவிடமிருந்து போன் வரும். ஸ்பீக்கரில்தான். பின்னால் மெஷின் உறுமும், அம்மாவும் முருகேசண்ணனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது இங்கே கேட்கும்.

"தம்பி, வண்டி வந்திருக்கு. படம் ஏதும் எடுக்கணுமா, இல்ல இறக்கட்டுமா?"

மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து நின்றுதான் சொல்வேன்: "இறக்குங்கப்பா."