உங்கள் பிள்ளையின் தலை விஷயமாக

ஃப்ரீமான்ட்,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி ஜம்புநாதன் அவர்களுக்கு, சந்தானத்தின் நமஸ்காரம். இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முட்டிவலியும் சம்பந்தி அம்மாளின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என் பிள்ளை அச்சுதன் தலையை உங்க பொண்ணு எதுக்குப் பூந்தொட்டி ஆக்கினா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஸ்ம்ருதி செய்வது மயோலிகா சிற்பம். வெள்ளைப் பூச்சின் மேல் மஞ்சளும் நீலமுமாக வரைந்து சூளையில் சுடும் இத்தாலியக் கலை. அதில் கிரீடம் வைத்த மனிதத் தலையையே தொட்டியாகச் செய்வது பழைய வழக்கமாம். ஏமாற்றிய காதலனின் தலையை வெட்டி, ஒருத்தி அதில் துளசி வளர்த்தாள் என்று அந்த ஊரில் கதை. இதைக் கேட்டதிலிருந்து கோயிலில் துளசித் தீர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்குகிறேன். இவள் அதை இந்தக் காலத்துக்கு மாற்றுகிறேன் என்று, கிரீடத்துக்குப் பதில் சார்ஜர் வயரைச் சுற்றி, துளசிக்குப் பதில் கறிவேப்பிலை நட்டாள். மூக்கு, தாடை, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் தற்செயல் என்று உங்களிடம் சொல்வதாக இருந்தேன்.

ஆஸ்டினில் புது வேலை என்று மார்ச்சில் போன மாப்பிள்ளை, அப்புறம் வீட்டுக்கு இரண்டே தடவைதான் வந்தார். மூன்றாவது தடவை, போன ஞாயிறு, நேராக ஸ்ம்ருதியின் கண்காட்சிக்கு வந்து தலைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் ஒரு அமெரிக்க அம்மாள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்து போனாள்.

"காது ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?" என்றார்.

"நான் சொல்றது கேக்கணும்னுதான்," என்றாள் ஸ்ம்ருதி.

"ஐ வாஸ் லிசனிங், ஸ்ம்ருதி."

"சரி, நான் என்ன சொன்னேன்?"

அவர் குனிந்து விலைச் சீட்டைப் படித்தார். நான் நடுவில் புகுந்து, "கறிவேப்பிலை நன்னா தழைச்சிருக்கு, மாப்பிள்ளை" என்றேன். அப்போதே யாராவது என் வாயில் களிமண்ணை அடைத்திருக்கலாம். அவர் வீட்டுக்கு வராமல் நண்பர் வீட்டில் தங்கிவிட்டார். காரில் திரும்பும்போது ஸ்ம்ருதி அழவில்லை. ஃப்ரீவேயில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட்டை மட்டும் இரண்டு தடவை விட்டாள்.

ஆகவே, இது வெறும் கலை. அவர்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை. இந்த வயதில் நீங்கள் விமானம் ஏறி வர வேண்டாம். அங்கிருந்தே இருவரையும் மனதார வாழ்த்துங்கள். சம்பந்தி அம்மாளுக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
சந்தானம்

பி.கு.: இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போன நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். பேசத்தான் வந்திருக்கிறார் என்று காபி போட்டேன். அவர் சட்டைகளை இரண்டு பெட்டியில் அடுக்கினார். ஸ்ம்ருதி தொட்டியைத் தூக்கிவந்து, "இதையும் எடுத்துண்டு போ" என்றாள். "பிளேன்ல எப்படி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. போய்விட்டார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் உடனே டிக்கெட் போடுங்கள். நான் ஒருத்தன் இங்கே இருந்தும், எனக்குக் காபி போடத்தான் தெரிந்தது.