குதிகால் வரை ஓடிய மருந்து

"இன்னும் ஒரு டம்ளர், சம்பந்தி!" என்றார் மகளின் மாமனார்.

போஸ்ட்மாஸ்டருக்கு அடிவயிறு ஏற்கெனவே முட்டிக்கொண்டு நின்றது.

நாலு எட்டு நடந்தாலே கெண்டைக்கால் இழுக்கிறது. ரத்தக்குழாயில் அடைப்பா என்று பார்க்க ஸ்கேனுக்கு வந்திருந்தார். கையில் மருந்து ஏற்றினால்தான் குழாய் படத்தில் தெரியுமாம். "அது கிட்னிக்குக் கொஞ்சம் சிரமம். நிறைய தண்ணி குடிங்க" என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், சம்பந்தி பாட்டிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

அன்பாகக் கொடுப்பதை மறுத்தால் கடவுள் கேட்பார் என்பது போஸ்ட்மாஸ்டரின் கொள்கை. குடித்தார்.

பக்கத்து நாற்காலி அம்மாள், "இது காய்ச்சி ஆறின தண்ணிங்க" என்று நீட்டினாள். அதையும் குடித்தார்.

கழிவறைக்கு ஓடினார். வரிசை. அவர் முறை வந்தபோது பின்னால் ஒரு பெரியவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மனசு கேட்கவில்லை.

"நீங்க முதல்ல போங்கய்யா."

"மகராசனா இருப்பே!" என்று உள்ளே போனவர் வெளியே வருவதாக இல்லை.

அதற்குள் சம்பந்தி ஓடி வந்தார். "உங்களைக் கூப்பிட்டாச்சு! இப்ப விட்டா அடுத்த வாரம்தானாம்!"

"இல்ல சம்பந்தி... வந்து..."

"என்ன?"

மகள் வாழப்போன வீட்டு மனுஷரிடம் இதையெல்லாமா சொல்வது? "ஒண்ணுமில்ல, வாங்க."

ஸ்கேன் மேஜையில் படுத்ததும் டெக்னீஷியன் குனிந்து இதமாகச் சொன்னார். "ஐயா, மருந்து ஏறும்போது உடம்பு குப்புனு சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். ஆனா போயிருக்க மாட்டீங்க. எல்லாருக்கும் அப்படித்தான். பதறி ஆடிடாதீங்க, படம் கெட்டுடும்."

இந்த ஒரு வார்த்தைக்கே இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

வெளியே போய்க் கதவை மூடினார். மேஜை வளையத்துக்குள் நகர்ந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க!"

இழுத்துப் பிடித்தார்.

சூடு பரவியது. சொன்னது சொன்னபடி! இடுப்பு, தொடை, முழங்கால் என்று இறங்கியது. அவர் இம்மியும் அசையவில்லை. என்ன மருந்து, என்ன சுகம்! கண்ணில் நீரே வந்துவிட்டது.

"மூச்சு விடலாம்."

"தம்பி!" என்று கூவினார். "குதிகால் வரைக்கும் தங்குதடையில்லாம ஓடுது! எனக்கு அடைப்பே இல்ல! வெளிய சம்பந்திகிட்டயும் சொல்லிடுங்க!"

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஐயா... இது மருந்தில்லாம எடுக்கற முதல் படம். மருந்து இனிமேதான் ஏத்தணும்."